பாரத்தோடு இறங்கு

சண்டை போட்டவர்கள் வேறு இரண்டு பேர். குத்துப்பட்டவன் என் தம்பி. இதைச் சொல்லும்போது இன்னும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

காலை பத்தரை மணி. விமானம் மேலே ஏறிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பெல்ட் விளக்கு அணைந்ததும் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒருவன் தன் சீட்டைப் படாரென்று பின்னால் சாய்த்தான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு முழங்காலில் நல்ல அடி. அடிபட்டவன் சீட்டை எட்டி உதைத்தான். சாய்த்தவன் எழுந்து நின்று, உதைத்தவனுடைய அம்மாவை வம்புக்கு இழுத்தான். அவ்வளவுதான். இரண்டு தடியர்களும் நடைபாதைக்கு வந்து ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ உக்காருடா. வேலைக்கு இருக்கறவங்க பாத்துப்பாங்க" என்று தம்பியின் கையைப் பிடித்தேன். கேட்டால்தானே! எங்கே அடிதடி நடந்தாலும் நடுவில் போய் நிற்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி.

"அண்ணே, இன்னும் பத்து மணி நேரம் போகணும்" என்றான் அவர்களைப் பார்த்து. "எல்லா அடியையும் இப்பவே அடிச்சு முடிச்சுட்டா சாயந்தரத்துக்கு என்னத்த மிச்சம் வைப்பீங்க?"

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது. முழங்காலில் அடிபட்டவனுக்கு அவமானம் தலைக்கேறிவிட்டது. காலடியில் இருந்த பையிலிருந்து, விமான நிலையக் கடையில் வாங்கிய விஸ்கி பாட்டிலை உருவி, எதிராளியின் மண்டையைப் பார்த்து ஓங்கினான். மண்டை தப்பித்தது. பாட்டில் சீட்டின் இரும்பு விளிம்பில் பட்டு உடைந்தது. கையில் மிஞ்சிய கழுத்துத் துண்டோடு அவன் கண்மண் தெரியாமல் திரும்பவும் வீசினான். அதற்குள் தம்பி நடுவில் புகுந்திருந்தான். கண்ணாடி அவனுடைய தொடை இடுக்கில், உள்பக்கமாக, முழுசாக இறங்கியது.

தம்பி குனிந்து பார்த்தான். "அய்யய்யோ, புது பேன்ட்டுண்ணே" என்றான். அதற்கப்புறம்தான் ரத்தம் பீய்ச்சியது.

நான் பதினேழு வருஷமாக இந்த விமானக் கம்பெனியின் பழுதுபார்க்கும் கொட்டகையில், அதாவது ஹேங்கரில், விமானங்களின் சக்கரக் கால்களைக் கழற்றி மாட்டுகிறவன். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய்க் குழாய் வெடித்தால் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். இது அப்படித்தான் அடித்தது. எதிர் வரிசைக்காரரின் வெள்ளைச் சட்டை வரைக்கும் போனது. நான் பாய்ந்து போய் அவனை நடைபாதையில் படுக்கப்போட்டு, முஷ்டியை அந்த ஓட்டைக்குள் வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டேன்.

பின்னாலிருந்து நாலைந்து பேர் பாட்டில்காரன் மேல் விழுந்தார்கள். விலக்கிவிட அல்ல, வெளுக்க. அவன் முகத்தைப் பிடித்துச் சீட்டின் கைப்பிடியில் மோது மோதென்று மோதினார்கள். அவன் பல் ஒன்று என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. யாரோ தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவன் கைகளைக் கட்டினார்கள். கட்டின பிறகும் அடித்தார்கள். நான் தடுக்கவில்லை. கை மட்டும் சும்மா இருந்திருந்தால் நானே அவன் கழுத்தைத் திருகியிருப்பேன்.

"தள்ளுங்க, தள்ளுங்க, நான் டாக்டர்" என்று ஒரு நடுவயது அம்மாள் முட்டிபோட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். உடனே, மன்னிப்புக் கேட்பவர் போல, "பல் டாக்டர்தான்" என்றார். ஆனால் தயங்காமல் காயத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"முஷ்டிய எடுத்துடாதீங்க. உள்ள பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு. மேல கயிறு கட்டி நிறுத்தற இடமில்ல இது. இப்படியே அமுக்கிக்கிட்டு சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா பொழைச்சுப்பாரு."

"எவ்வளவு நேரம் தாங்கும்மா?"

"அரை மணி. அதுக்கு மேல சத்தியமா எனக்குத் தெரியாது."

தலைமைப் பணிப்பெண் கேப்டனிடம் சொல்ல ஓடினாள். இரண்டு நிமிடத்தில் விமானம் இடது பக்கம் சாய்ந்து திரும்பியது. அப்பாடா என்று இருந்தது. கிளம்பிய இடத்தை விட்டு நாங்கள் அதிக தூரம் போய்விடவில்லை. கணக்குப் போட்டேன். பதினைந்து நிமிடம், மிஞ்சினால் பதினெட்டு. அரை மணிக்குள் ஆஸ்பத்திரி வாசல்.

"திரும்பியாச்சுடா. கால் மணில தரை" என்றேன்.

"எல்லாம் உன்னாலதாண்ணே" என்று இளித்தான். "ஓசி டிக்கெட்டுன்னு கூட்டிட்டு வந்தே. ஓசிக்குத் தகுந்த மரியாதை."

அவன் வெல்டர். வெளிநாட்டில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. ஊழியரின் கூடப்பிறந்தவர்களுக்குக் கம்பெனி இலவச டிக்கெட் தரும். ஊழியரும் கூடவே போக வேண்டும் என்பது விதி. அதனால் நான் நாலு நாள் லீவு போட்டு, கொண்டுபோய் விட்டுவிட்டு வரக் கிளம்பினேன். அவன் பெண்டாட்டி விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு வெளியில் நின்று, "மாமா, போய்ச் சேந்ததும் நீங்களே போன் பண்ணுங்க. இவரு மறந்துடுவாரு" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய மனிதன் மாதிரி.

பத்து நிமிடம் போனது. பதினைந்து போனது. என் தோளில் பிடிப்பு ஏறிவிட்டது. தம்பியின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. எனக்குள் ஏதோ உறுத்தியது. காது அடைக்கவில்லை. இறங்கும் விமானத்தில் காது அடைக்க வேண்டும். இஞ்சினின் குரலும் மாறவில்லை. நாங்கள் இறங்கவே இல்லை.

அப்போதுதான் ஜன்னலோரப் பெண் ஒருத்தி அலறினாள். "இறக்கையிலேருந்து புகை வருது! தீப்பிடிச்சிடுச்சு!"

விமானமே எழுந்து நின்று கத்தியது. ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஜன்னலுக்குப் போனார்கள். ஒருவன் என் முதுகை மிதித்துக்கொண்டு தாண்டினான். நான் தலையை மட்டும் தூக்கி, கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன். இறக்கையின் பின் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஒரு பட்டை நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. புகை இல்லை. எரிபொருள். கேப்டன் எரிபொருளைக் கொட்டிக்கொண்டிருந்தான்!

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பத்து மணி நேரப் பயணத்துக்கு நூறு டன்னுக்கு மேல் எரிபொருள் நிரப்பிக்கொண்டு பெரிய விமானம் கிளம்பும். போகப் போக எரித்துத் தீர்த்து, லேசாகித்தான் இறங்கும். கிளம்பிய பாரத்தோடு உடனே இறங்கினால் சக்கரக் கால்களுக்கும் பிரேக்குக்கும் அளவுக்கு மீறின அடி. அதனால் பாதியில் திரும்பும்போது, ஜனங்கள் இல்லாத பக்கமாகப் போய், உயரத்தில் சுற்றிக்கொண்டே இறக்கையில் இருக்கும் குழாய்களைத் திறந்து கொட்டுவார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுவது தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். ஆபத்தில்லாத வேலை. ஆனால் நிமிடத்துக்கு இரண்டு டன்தான் கொட்டும். எண்பது டன் கொட்ட நாற்பது நிமிடம் ஆகும்.

ஒரு உயிர் போகிற அவசரம் என்றால் கொட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பாரத்தோடே இறங்கலாம். நீளமான ரன்வே இருந்தால் போதும். கேப்டன் முடிவு எடுத்தால் ஏன் என்று ஒருத்தனும் கேட்க முடியாது, விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. என்ன, இறங்கின பிறகு விமானத்தை ஹேங்கருக்குள் தள்ளி, ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு மூடியாகக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்கிற ஆறு பேரில் நான் ஒருவன். செத்துச் சுண்ணாம்பாகிற வேலை. லீவு போய்விடும். முதுகு போய்விடும்.

அந்த எரிச்சலில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒரு கேப்டன், விமானத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று பாரத்தோடு கொண்டுவந்து இறக்கினார். என் மகளின் பிறந்தநாள் அன்று. நான் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நாள் பூராவும் விமானத்துக்கு அடியில் கிடந்தேன். சாயந்தரம் தெரியவந்தது, அந்த ஆளுக்கு மாரடைப்பும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் வாயு. ஆஸ்பத்திரியில் பெரிய ஏப்பமாக ஒன்று விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பழைய மரச் சம்மட்டிக்குத் தங்கக் கலர் பெயின்ட் அடித்து, "ஏப்பத்துக்கு இறங்கிய மாவீரர்" என்று தகடு வெட்டிப் பதித்து, பைலட்டுகளும் நாங்களும் சேர்ந்து டீ குடிக்கிற கேன்டீனில் அவர் போட்டோ ஒன்றை ஒட்டி, அதற்குக் கீழே விருது மாதிரி மாட்டினேன். மறுநாள் அவர் உள்ளே வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் மூலையிலிருந்து ஒரு ஏப்பம் விட்டேன். நீளமான ஏப்பம். கேன்டீனே அதிர்ந்தது. அதிலிருந்து அவர் தலையைக் கண்டால் யாராவது ஒருவன் ஏப்பம் விடுவான். அவர் பெயரே "ஏப்பம்" என்று ஆகிவிட்டது. கேன்டீனுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று வருஷத்தில் ஒரு கேப்டன்கூடப் பாரத்தோடு இறங்கவில்லை. கால் பிசகினவளுக்கும் கொட்டினார்கள், வலிப்பு வந்தவனுக்கும் கொட்டினார்கள். எங்களுக்கோ கொண்டாட்டம். "வைத்தியம் எப்படி?" என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல?

நடைபாதையில் மண்டியிட்டு, தம்பியின் தொடைக்குள் முஷ்டியை வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தேன். கொட்டுகிற கேப்டன் யாராக இருந்தாலும் அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். நான்தானே அதை அங்கே போட்டேன்.

சீட்டைச் சாய்த்தவன் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"உக்காரு. உன் முஷ்டிய இங்க வை. அமுக்கு. இன்னும் அமுக்குடா! கைய எடுத்தேன்னு வை, அந்தக் கை உனக்கு இருக்காது."

"எடுக்க மாட்டேண்ணே. சத்தியமா எடுக்க மாட்டேன்."

"எங்கண்ணே போறே?" என்றான் தம்பி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இந்தா வந்துட்டேன்."

முன்பக்கம் ஓடினேன். விமானி அறைக்கு முன்னால் திரைக்குப் பக்கத்தில் தலைமைப் பணிப்பெண்ணும், நல்ல தடியாக ஒரு பணியாளனும் நின்றார்கள். முழங்கை வரை ரத்தத்தோடு ஓடிவருகிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? பணியாளன் கையை விரித்து மறித்தான்.

"சார், சீட்டுக்குப் போங்க."

"கொட்டறத நிறுத்தச் சொல்லு. அப்படியே எறக்கச் சொல்லு."

"கேப்டனுக்குத் தெரியும் சார். இன்னும் இருபது நிமிஷந்தான்."

"இருபது நிமிஷத்துல பொணத்ததான்டா எறக்குவான்!"

அவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நான் யோசிக்கவே இல்லை. விட்டேன் ஒரு குத்து. மூக்கு நொறுங்கின சத்தம் எனக்கே கேட்டது. அவனைத் தாண்டிப் போய்க் கதவில் இரண்டு கையாலும் அறைந்தேன், உதைத்தேன், தலையால் முட்டினேன். வெள்ளைக் கதவு முழுக்கத் தம்பியின் ரத்தம். அது திறக்காது என்று எனக்குத் தெரியும். குண்டு துளைக்காத கதவு. அதையும் நாங்கள்தான் மாட்டினோம்.

மூக்கு உடைந்தவன் பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிப் பிடித்தான். பயணிகள் இரண்டு பேர் என் கால்களைப் பிடித்து வாரிவிட்டார்கள். நான் கடத்தல்காரன் என்று நினைத்திருப்பார்கள், பாவம். தரையில் முகம் பதிய அமுக்கினார்கள். ஒருவன் விலாவில் உதைத்தான். கையைப் பின்னால் முறுக்கிப் பிளாஸ்டிக் பட்டையை மாட்டினார்கள். நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

"ஏம்மா, கேப்டன்கிட்ட நீ என்ன சொன்னே? ஒழுங்கா சொன்னியா?"

தலைமைப் பணிப்பெண் குனிந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "சொன்னேன் சார். ரத்தம் நிக்கலன்னு சொன்னேன். டாக்டர் பாத்தாரான்னு கேட்டாரு. பல் டாக்டர்னேன். 'போன தடவையும் ஒரு டாக்டர் பாத்துதான் மாரடைப்புன்னு சொன்னாரு'ன்னாரு. அதுக்கப்புறம் பேசல."

"யாரு கேப்டன்? ஏப்பமா?"

அவள் முகம் சுருங்கியது. அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும்.

"நான் ஹேங்கர் ஆளும்மா. சக்கரக் கால் செக்‌ஷன். அந்தச் சம்மட்டிய மாட்டினது நான்தான். போனை என் காதுல வை. ஒரே ஒரு நிமிஷம். உன் கால்ல விழறேன்."

விழுந்துதான் கிடந்தேன். அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சுவரில் இருந்த போனை எடுத்து, ஏதோ தாழ்ந்த குரலில் பேசி, கீழே உட்கார்ந்து என் காதில் வைத்தாள்.

"யாரு?" என்றது ஒரு சோர்ந்த குரல்.

"சார், கேன்டீன்ல முதல் ஏப்பம் விட்டவன் நான்தான். தகடு வெட்டினவனும் நான்தான். இது ஏப்பம் இல்ல சார். என் தம்பி. கூடப் பொறந்தவன். தொடைல பெரிய குழாய் அறுந்திருக்கு. அரை மணிதான் தாங்கும்னாங்க, இருபத்தி நாலு நிமிஷம் ஆயிடுச்சு."

போனில் இஞ்சின் இரைச்சல் மட்டும்.

"எவ்வளவு சார் கொட்டியிருக்கீங்க?"

"நாப்பத்தி நாலு."

"போதும் சார். மிச்ச பாரத்த அந்தக் கால் தாங்கும். போன மாசம் அத மாட்டினவன் சொல்றேன். பாரத்தோடு எறங்குங்க சார். ஒடஞ்சா என் கழுத்த ஒடைங்க. தயவுசெஞ்சு எறக்குங்க."

"எல்லாரையும் உக்காரச் சொல்லு" என்றார். போன் நின்றது. அந்த நொடியே விமானம் மூக்கைக் கீழே சாய்த்தது. காது அடைத்தது. அந்த வலி எனக்கு அமிர்தமாக இருந்தது.

பணிப்பெண் என் கைப் பட்டையை வெட்டிவிட்டாள். நான் தவழ்ந்துதான் திரும்பிப் போனேன். அவ்வளவு செங்குத்தாக இறங்கினோம். சாய்ப்புக்காரன் சொன்னபடியே கையை எடுக்காமல் இருந்தான். அவன் முகத்தில் வியர்வையும் மூக்குச்சளியும் ஒன்றாக வழிந்தன. நான் தம்பியின் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன்.

"குளுருதுண்ணே."

"இதோ ஆச்சுடா. எறங்கறோம் பாரு."

"அவகிட்ட குத்துப்பட்டேன்னு சொல்லாதே. வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. இல்லாட்டி சண்டைக்குப் போனியான்னு கொன்னுடுவா."

"சரிடா."

"நான் சண்டைக்குப் போகலண்ணே. வெலக்கிவிடத்தானே போனேன்."

"தெரியும்டா. எனக்குத் தெரியும்."

அப்புறம் அவன் பேசவில்லை. கண் திறந்தேதான் இருந்தது. பல் டாக்டர் அவன் கழுத்தில் விரலை வைத்தார், எடுத்தார், திரும்பவும் வைத்தார். "தள்ளுங்க" என்று கத்திவிட்டு அவன் நெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தார். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் நிறுத்தவில்லை. ஜன்னலில் கட்டடங்கள் தெரிந்தன.

தரையைத் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. முப்பத்தாறு டன் கூடுதல் பாரம். தட்டுகூட ஆடாத மாதிரி கொண்டுவந்து வைத்தார் அந்த மனிதர். பதினேழு வருஷத்தில் அப்படி ஒரு இறக்கத்தை நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் பிரேக் பிடித்ததுதான் பேயாட்டம். பல் டாக்டர் தூக்கி எறியப்பட்டுச் சீட்டில் மோதினார். மேல் பெட்டிகள் திறந்துகொண்டு பைகள் எங்கள் மேல் கொட்டின. அடியில் ஒன்றன்பின் ஒன்றாக டயர்கள் உயிரை விட்டன. நாலு, அஞ்சு, ஆறு என்று என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ரப்பர் எரிகிற நாற்றம். நின்றபோது பல் டாக்டர் நெற்றியில் ரத்தத்தோடு தவழ்ந்துவந்து மறுபடி அழுத்தத் தொடங்கினார். என் தம்பி செத்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அழுத்தினார்.

ஆஸ்பத்திரி விமான நிலையத்துக்குப் பின்புறமே இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வெளியே நீளமான வராந்தா, பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பாட்டில்காரனைப் போலீஸ் விமானத்திலிருந்தே கொண்டுபோய்விட்டது. சாய்ப்புக்காரன் ஒரு மூலையில் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தான். என் ஷிப்ட் ஆட்கள் ஐந்து பேரும் விஷயம் கேள்விப்பட்டு, கிரீஸ் படிந்த உடுப்போடு ஓடி வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கடைசி நாற்காலியில் கேப்டன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை.

தம்பி பெண்டாட்டி வந்தாள். வழியனுப்பிவிட்டு அவள் வீடுபோய்க்கூடச் சேரவில்லை. பாதி வழியில், பஸ்ஸிலேயே போன் போயிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பக்கத்துலதானே இருந்தீங்க? திரும்பிட்டீங்கன்னு சொன்னாங்க. ஏன் உடனே எறக்கல?" என்று பொதுவாகக் கேட்டாள்.

சாய்ப்புக்காரன் தேம்பினான். "இருபத்தி ரெண்டு நிமிஷம் சும்மா சுத்தினாங்கம்மா. பெட்ரோல கொட்டிக்கிட்டு சுத்தினாங்க. நான் கையே எடுக்கலம்மா."

அவள் வராந்தாவைப் பார்த்தாள். சீருடையைப் பார்த்தாள். நேராகப் போய் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். அறைந்தாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தொப்பி உருண்டது. "கொலகாரப் பாவி! எம் புருஷன் உசிரு உனக்கு இளக்காரமாடா? சுத்தினியாடா? சுத்திப் பாத்தியாடா?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. அவர் கையைத் தூக்கவில்லை. உதடு கிழிந்து வழிந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். என்னைக் கைகாட்டியிருக்கலாம். செய்யவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அடி அவர் மேல் விழுகிறவரைக்கும் நான் தம்பியை இழந்த அண்ணன் மட்டும்தான். எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். "வாயைத் திறக்காதே" என்று அந்தப் பார்வையில் இருந்தது. ஆறாவது அடியா ஏழாவது அடியா தெரியவில்லை, அவர் தடுமாறி மண்டியிட்டார். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

"அவர விடும்மா" என்று போய் அவள் கையைப் பிடித்தேன். "அவர் இல்ல. நான்."

"விடுங்க மாமா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத்தாம்மா தெரியும். அவர் உடனே எறக்கியிருப்பாரு. முன்னாடி ஒரு தடவை எறக்கினாரு. அதுக்காக நாங்க அவர மூணு வருஷம் நக்கல் பண்ணினோம். நான்தான் ஆரம்பிச்சேன். அவரு கேன்டீனுக்குள்ள வந்தா ஏப்பம் விடுவோம். அந்த அவமானத்துலதான் இன்னிக்குக் கொட்டிட்டு எறங்கலாம்னு சுத்தினாரு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்கு நக்கல்?"

"வேலை அதிகமாகுதுன்னு."

"என்ன வேலை?"

"பாரத்தோட எறங்கினா… வண்டிக்கு அடியில படுத்து… ஒரு நாள் பூரா பாக்கணும்."

"ஒரு நாள் வேலை" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

பன்னிரண்டு வருஷமாக என்னிடம் "மாமா, வாங்க, சாப்பிடுங்க" என்று மரியாதை குறையாமலே பேசினவள், என் கண்ணைப் பார்த்து, "சத்தமா சொல்லு" என்றாள். "உன் ஆளுங்க எல்லாம் நிக்கறாங்கல்ல? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. என்ன செஞ்சே?"

சொன்னேன். சம்மட்டி, பெயின்ட், தகடு, ஏப்பம், எல்லாவற்றையும். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. அவள் குனிந்து, கேப்டனைத் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்தாள். அவர் அப்போதுதான் உடைந்து அழுதார். "குழாயத் திறந்தது என் கைதாம்மா" என்றார். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி காகிதக் கட்டோடு வந்து, "அவரோட சொந்தக்காரங்க யாரு வந்திருக்கீங்க? ஒரு கையெழுத்துப் போடணும்" என்றாள்.

"நான்தாம்மா, அண்ணன்" என்று கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

தம்பி பெண்டாட்டி நடுவில் வந்து அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். "அவருக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது" என்றாள் நர்ஸிடம். "பொண்டாட்டி நான் இருக்கேன். எங்க போடணும்?"

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். நான் வழிவிட்டு நின்றேன்.